கறந்தது எப்போது? காய்ச்சியது எப்போது?

புதுமனை புகும் நாளில் நம் வீடுகளில் முதன்முதல் அடுப்பேறுவது பால். தைப்பொங்கலன்று முற்றத்துப் பானையிற் பால் பொங்கி வழியும்போது வீட்டார் முகமெல்லாம் மலர்கின்றது. குழந்தைக்கும் நோயாளிக்கும் முதியோருக்கும் நாம் நம்பிக் கொடுக்கும் உணவும் அதுவே. இவ்வளவு போற்றும் பாலைப் பேணும் முறையை நாம் செவ்வனே அறிந்திருக்கின்றோமா? இவ்வினா என் உள்ளத்தில் எழுந்தது 2022ஆம் ஆண்டில். அதற்குக் காரணமாயிருந்தவள் அப்பொழுது ஏழு வயதினளாயிருந்த என் மகள்.

அவ்வாண்டில் நம் நாட்டிற் பால்மா கிடைப்பது அரிதாயிற்று. கடைகளின் முன்னே நீண்ட வரிசைகள் நின்றன. மார்ச்சு மாத இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்குப் 13 மணித்தியாலம் வரை நீண்டது. பல ஆண்டுகளாகப் பால்மாவையே கரைத்துக் குடித்துவந்த எங்கள் வீட்டார், ஒழுங்கைக் கோடியில் இரண்டு பசுக்கள் வளர்க்கும் பெரியவர் ஒருவரிடம் பசும்பால் வாங்கத் தொடங்கினோம்.

ஒருநாட் காலை ஆறு மணிக்குப் பால் வந்தது. அதை வாங்கி மேசைமேல் வைத்தவன் நானே. கல்லூரிக்குச் செல்லும் அவசரத்தில் அதனைப் பற்றி எவரிடமும் சொல்லவில்லை. ஒன்பது மணியளவிலேதான் பால் காய்ச்சப்பட்டது. தேநீருக்குப் போக எஞ்சியதைச் சூடு ஆறுமுன்னரே குளிர்சாதனப் பெட்டியில் வைத்து மூடினர். பத்து மணிக்கு மின்சாரம் நின்றது. மாலை ஆறு மணிக்கே மீண்டது. பாலிற் சிறிது மணவேறுபாடு தோன்றியது. “இன்னொருமுறை கொதிக்கவைத்தால் எல்லாம் சரியாகிவிடும்” என்றேன். அவ்வாறே கொதிக்கவைத்துச் சர்க்கரை கலந்து மகளுக்குக் கொடுத்தோம். இரவு பத்து மணிக்குமுன் அவள் வாந்தி எடுக்கத் தொடங்கினாள். விடியுமுன் கண்கள் குழிவிழுந்து துவண்டுபோனாள். மருத்துவமனையில் இரண்டு நாள் வைத்துப் பார்த்தனர். இறையருளால் தேறினாள்.

மூன்றாம் நாட் காலை சினத்தோடு அப்பெரியவர் வீட்டுக்குச் சென்றேன். அவர் கொட்டிலைக் கழுவிக்கொண்டிருந்தார். நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். பின்னர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “மாஸ்ரர், நான் கறந்தது ஐந்தரைக்கு. நீங்கள் காய்ச்சினது எத்தினை மணிக்கு?”

எனக்கு மறுமொழி சொல்ல நா எழவில்லை. மருத்துவரும் முதல்நாள் இதே வினாவைக் கேட்டிருந்தார் என்பது அப்பொழுதே நினைவுக்கு வந்தது.

பெருகும் கணக்கு

பால் பசுவின் மடியிலிருந்து வெளிவரும்போது ஏறக்குறைய 38 பாகை சென்ரிகிரேட் வெப்பத்தில் இருக்கும். சர்க்கரையும் புரதமும் கொழுப்பும் உப்புக்களும் நிறைந்த அவ்வுணவு நமக்கு ஏற்றதாதல் போலவே நுண்ணுயிர்களுக்கும் ஏற்றது. மடியின் தோல், கறப்பவர் கை, பாத்திரம், கொட்டிலின் தூசி ஆகிய இவற்றிலிருந்து சில கிருமிகள் எப்படியும் பாலிற் சேர்ந்துவிடும். ஏற்ற சூடு கிடைப்பின் அவற்றுட் பல 20 நிமிடத்துக்கு ஒருமுறை இருமடங்காகும்.

மாணவர்கள் இதனைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஒரு கிருமி ஒரு மணித்தியாலத்தில் எட்டாகும். மூன்று மணித்தியாலத்தில் 512 ஆகும். ஆறு மணித்தியாலத்தில் 2,62,144 ஆகும். ஆயிரம் கிருமிகளோடு தொடங்கிய பாலின் நிலையை நீங்களே கூட்டிக் கொள்ளுங்கள். இவற்றுட் சில, பாலின் சர்க்கரையை இலற்றிக்கு அமிலமாக மாற்றுவன. புளிப்பு மிகும்போது பாலின் புரதம் திரளுகின்றது. நாம் “பால் திரிந்தது” என்கிறோம். ஆனால் கண்ணுக்குத் திரிவு தெரியுமுன்னரே பெருக்கம் நிகழ்ந்து முடிந்திருக்கும்.

மீண்டும் கொதிக்கவைத்தல் ஏன் என் மகளைக் காக்கவில்லை என்பதும் இங்கே விளங்கும். கொதி கிருமிகளைக் கொல்லும். ஆயினும் சில கிருமிகள் பெருகும் காலத்திற் பாலிலே நஞ்சு சுரந்து வைப்பன. தோலிலும் புண்ணிலும் வாழும் தபிலோக்கொக்கசு என்பது அத்தகையது. அதன் நஞ்சு கொதிக்கும் வெப்பத்தையும் தாங்கவல்லது. கிருமி இறந்தபின்னும் நஞ்சு எஞ்சும். வேறு சில கிருமிகள் வித்துப்போன்ற உறைக்குள் ஒடுங்கிக் கொதியைப் பிழைத்திருந்து, பால் இளஞ்சூட்டில் நெடுநேரம் கிடக்குமாயின் மீண்டும் முளைத்துப் பெருகும்.

கொட்டிலில் தொடங்கும் காவல்

அன்று என் சினம் தணிந்தபின் அப்பெரியவர் தம் வேலைமுறையைக் காட்டினார். கறப்பதற்கு முன் கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவினார். மடியைத் தூய நீரால் துடைத்து, உலர்ந்த துணியால் ஈரம் ஒற்றினார். ஒவ்வொரு பசுவுக்கும் வேறு வேறு துணி. முதல் மூன்று நான்கு பீச்சுக்களைக் கருநிறச் சிரட்டை ஒன்றில் எடுத்து உற்று நோக்கினார். கட்டியோ நீர்த்தன்மையோ இரத்தச் சாயலோ காணப்படின் அது மடியழற்சியின் அறிகுறி. அப்பாலைச் சேர்க்கலாகாது.

கைகளைப் பாலில் நனைத்துக்கொண்டு கறக்கும் பழைய பழக்கம் அவரிடம் இல்லை. கறக்கும் நேரத்தில் வைக்கோலை உதறி இடுவதும் இல்லை. அதன் தூசி நேரே பாத்திரத்தில் விழுமன்றோ? கன்று சிறிது ஊட்டியதும் பால் சுரந்து இறங்கும். அச்சுரப்பு சில நிமிடங்களே நீடிக்குமாதலால் இடையிற் பேச்சில்லாமல் விரைந்து கறந்து முடித்தார். கறந்தபின் முலைக்காம்புகளை அயடீன் கரைசலில் தோய்த்து, அதன் பின்னரே தீனி வைத்தார். காம்பின் துவாரம் கறந்தவுடன் மூடிக்கொள்வதில்லை. அரை மணித்தியாலமாவது பசு நின்றுகொண்டிருந்தால், தரையின் அழுக்கு உள்ளே புகாது.

ஈன்ற முதல் நாட்களின் கடும்புப் பால் கன்றுக்கே உரியது. நோய்க்கு மருந்து ஏற்றிய பசுவின் பாலை, மருத்துவர் விதித்த நாட்கள் கழியுமட்டும் விற்றலாகாது. இவையெல்லாம் பெரும் பண்ணைகளில் எழுதி வைத்துப் பின்பற்றும் விதிகள். இரண்டு பசு வைத்திருப்பவரும் அவற்றைப் பின்பற்ற இயலும் என்பதை அங்கே கண்டேன்.

அவரிடமும் ஒரு குறை இருந்தது. குளிர்பானம் வந்த பிளாத்திக்குப் போத்தல்களிலேயே அவர் பாலை நிரப்பினார். வாய் ஒடுங்கிய அப்போத்தலினுட் கை நுழையாது. நேற்றைய பாலின் படலம் மூலைகளில் ஒட்டிக்கொள்ளும். அதைச் சுட்டிக் காட்டினேன். “மெய்தான் மாஸ்ரர், ஆனால் எல்லாரும் போத்தலைத்தானே தருகினம்” என்றார். போத்தலைக் கொடுத்து அனுப்பியவர்களுள் நானும் ஒருவன்.

பாலைச் சேகரிக்கும் நிலையங்களிற் கொழுப்பும் கொழுப்பல்லாத திண்மமும் அளந்து விலை தீர்மானிக்கப்படுகின்றது. சம அளவு மதுசாரம் கலந்து பார்ப்பதும் உண்டு. பால் திரளுமாயின் அது ஏற்கப்படுவதில்லை. தேறிய பாலைக் குளிரூட்டும் தாங்கியில் விட்டு 4 பாகைக்கு இறக்குவர். கறந்த இரண்டு மணித்தியாலத்துக்குள் அந்நிலையை அடைவித்தல் நன்று. அக்குளிரிற் கிருமிகளின் பெருக்கம் மிக மெதுவாகும். ஆனால் முற்றாக நிற்பதில்லை. முன்னரே பெருகியவை இறப்பதுமில்லை. குளிர் பாலின் நிலையைக் காக்குமேயன்றித் திருத்தாது.

மால்டாத் தீவின் பாடம்

இத்தனை சுத்தமும் பேணிய பாலைப் பச்சையாகவே அருந்தினால் என்ன என்று சிலர் கேட்பர். அவர்களுக்கு மத்தியதரைக் கடலிலுள்ள மால்டாத் தீவின் வரலாறு விடை கூறும்.

அத்தீவிற் பிரித்தானியப் படையினர் நிலைகொண்டிருந்த காலத்தில், வாரக்கணக்காக ஏறியிறங்கும் ஒரு காய்ச்சல் அவர்களை வாட்டியது. 1887ஆம் ஆண்டில் டேவிட் புரூஸ் என்னும் இராணுவ மருத்துவர் அதற்குரிய கிருமியைக் கண்டறிந்தார். அவர் பெயராலேயே அது இன்று புரூசெல்லா எனப்படுகின்றது. ஆயினும் அக்கிருமி மனிதரை எவ்வழியாக அடைகின்றது என்பது பல ஆண்டுகள் விளங்காதிருந்தது. 1905ஆம் ஆண்டில், அத்தீவினரான தெமிஸ்டோகிளிஸ் சாமிட் என்னும் மருத்துவர் உடல்நலமுள்ளனவாய்த் தோன்றிய ஆடுகளைச் சோதித்து, அவற்றிடமே அந்நோய் உறைவதைக் கண்டார்.

அங்கே ஆடுகளைத் தெருவழியே ஓட்டிவந்து வீட்டு வாயிலிலேயே கறந்து கொடுப்பது வழக்கம். அதனினும் புதிய பால் உலகில் எங்கே கிடைக்கும்? அந்தப் புதுப் பாலிலேதான் காய்ச்சல் வந்தது. 1906ஆம் ஆண்டிற் படையினருக்கு ஆட்டுப்பால் நிறுத்தப்பட்டதும் அவர்களிடையே நோய் விரைந்து குறைந்தது. அவ்வினத்தைச் சேர்ந்த கிருமி மாடுகளையும் பற்றும். மாட்டின் காசநோயும் பச்சைப் பால் வழியே மனிதருக்குத் தொற்றுவதுண்டு. ஆகவே புதுமை வேறு, நோயின்மை வேறு என்பதை நாம் மறத்தலாகாது.

இந்த இடரை நீக்குவதே சூடாக்குதலின் பயன். பிரான்சு நாட்டு அறிஞர் லூயி பாச்சர் 1860களில் திராட்சை மது கெடாதிருக்கக் கண்ட முறை, பின்னர்ப் பாலுக்கும் பயன்பட்டது. பாலை 63 பாகையில் 30 நிமிடம், அல்லது 72 பாகையில் 15 செக்கன் வைத்து உடனே குளிர்வித்தால் நோய்க்கிருமிகள் அழியும். எல்லாக் கிருமிகளும் அழிவதில்லையாதலால் அப்பாலைக் குளிரிலேயே வைத்தல் வேண்டும். 135 பாகைக்கு மேற் சில செக்கன் சூடாக்கிக் கிருமியற்ற பெட்டியில் அடைத்த பால் திறவாதவரை மாதக்கணக்கில் நிற்கும். திறந்துவிட்டால் அதுவும் மற்றப் பால் போன்றதே.

வீட்டில் நம் கடமை

பாலின் பயணத்தில் இறுதிக் காவல் நம்முடையது. எங்கள் வீட்டில் அன்று முதல் கைக்கொள்ளும் முறையைக் கூறுகின்றேன்.

பால் வாங்குவதற்கு வாயகன்ற, மூடியுள்ள எவர்சில்வர்ப் பாத்திரம் கொடுக்கின்றோம். அதனை நாள்தோறும் உரைத்துக் கழுவிக் கொதிநீர் ஊற்றி, கவிழ்த்து உலரவைக்கின்றோம். பால் வந்ததும் வேறு வேலைக்கு முன்னர் அடுப்பேற்றுகின்றோம். நன்கு பொங்கியதும் கிளறிச் சிறிதுநேரம் கொதிக்கவிடுகின்றோம். பின் அப்பாத்திரத்தைக் குளிர்நீர்த் தொட்டியில் இறக்கி, நீரை இருமுறை மாற்றி விரைவில் ஆற்றுகின்றோம். சூடான பாத்திரத்தை அப்படியே குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் பாலும் மெல்ல ஆறும், அருகிலுள்ள பிற உணவுகளும் சூடேறும்.

ஆறிய பாலைச் சிறு பாத்திரங்களிற் பகிர்ந்து மூடி, பெட்டியின் உட்புறத்தில் வைக்கவேண்டும். கதவுத் தட்டு அடிக்கடி வெப்பக் காற்றுப் படும் இடம். அது பாலுக்கு ஏற்றதன்று. நேற்றைய பாலோடு இன்றைய பாலைக் கலக்கலாகாது. மின்சாரம் நின்றால் கதவைத் திறவாதிருங்கள்; மூடிய பெட்டி ஏறக்குறைய நான்கு மணித்தியாலமே குளிரைக் காக்கும். அதற்குமேல் நின்ற பாலைக் குழந்தைக்குக் கொடாதீர்கள். விலையை எண்ணி மனம் தயங்கும். எனக்கும் அன்று அத்தயக்கமே இருந்தது. மருத்துவமனைக் கட்டிலருகே விழித்திருந்த இரண்டு இரவுகளில் அந்த ஒரு போத்தற் பாலின் விலை எவ்வளவு அற்பமானது என்பதை உணர்ந்தேன்.

அப்பெரியவரிடமே இன்றும் பால் வாங்குகின்றோம். விடியற்காலையில் பாத்திரத்தைத் தரும்போது, “கறந்து பத்து நிமிஷம், மாஸ்ரர்” என்று அவர் சொல்வார். இப்பொழுது மகள் வளர்ந்துவிட்டாள். பாத்திரத்தை வாங்கி அடுப்பில் வைக்கும் பொறுப்பை அவளே ஏற்றுக்கொண்டாள். அடுக்களைச் சுவரில் அவள் ஒரு பழைய நாட்காட்டியின் பின்புறத்தைத் தொங்கவிட்டு, இரண்டு நிரல்கள் வரைந்து, கறந்த நேரத்தையும் காய்ச்சிய நேரத்தையும் நாள்தோறும் எழுதி வருகின்றாள். நேற்று இரண்டுக்கும் இடையே முப்பது நிமிடம்.