ஒரு செக்கன் கூடினதற்கு ஒரு மெகாவாட்

இந்தக் கிழமை எபிசோட்டில் லீப் செக்கன் பற்றிக் கதைக்கும்போது, "லினக்ஸ் கெர்னலில் ஒரு பக் இருந்தது, பிறகு திருத்திட்டினம்" என்று ஒரே வரியில் தாண்டிப் போனோம். அந்த ஒரு வரிக்குள் ஐந்து வருசக் கதை இருக்கு. மைக்கில் சொன்னால் உங்களுக்கு நித்திரை வந்துடும். அதனால்தான் இங்கே எழுதுறேன்.

2012 ஜூன் 30, யூடிசி நள்ளிரவு. ரொறன்ரோவில் அது சனிக்கிழமை பின்னேரம் எட்டு மணி, லண்டனில் சாமம் ஒரு மணி, யாழ்ப்பாணத்தில் விடியப்புறம் ஐந்தரை, சிட்னியில் ஞாயிறு காலை பத்து. அந்த நேரத்தில் ரெடிட் படுத்தது. மொசில்லாவின் சேர்வர்கள் திணறின. அமடேயஸ் சிஸ்டம் விழுந்ததால் குவான்டாஸ் ஆட்கள் பயணிகளைக் கையால் செக்-இன் செய்ய வேண்டி வந்தது. எனக்குப் பிடிச்ச விவரம் ஜெர்மனியிலிருந்து வந்தது. ஹெட்ஸ்னர் என்ற ஹோஸ்டிங் கம்பனி, அந்த இரவு தங்கள் டேட்டா சென்டர்களில் மின்பாவனை ஏறக்குறைய ஒரு மெகாவாட் கூடியது என்று வாடிக்கையாளர்களுக்கு அறிவித்தது. புதிதாக ஒரு வேலையும் வரவில்லை. ஆயிரக்கணக்கான சிபியூக்கள் சும்மா நின்ற இடத்திலேயே சுற்றின.

முதலில் லீப் செக்கன். பூமி சுற்றும் வேகம் சீரானது இல்லை, அணு மணிக்கூடு சீரானது. இரண்டும் விலகிப் போகாமல் இருக்க 1972 முதல் இடைக்கிடை ஒரு செக்கனைச் செருகி வந்திருக்கிறார்கள். இதுவரை 27 தடவை. அந்த நாளில் 23:59:59-க்குப் பிறகு 23:59:60 என்று ஒன்று வரும். லினக்ஸுக்கு 60 என்ற செக்கன் தெரியாது. அதனால் அது மணிக்கூட்டை ஒரு செக்கன் பின்னுக்குத் தள்ளி, 59-ஐ இரண்டாம் தடவை ஓட விடும்.

கரைச்சல் தொடங்குறது இங்கேதான். கெர்னலுக்குள் நேரத்துக்கு இரண்டு கொப்பி இருக்கு என்று வையுங்கோ. ஒன்று டைம்கீப்பிங் பகுதியிடம் இருக்கு. நீங்கள் "இப்ப எத்தனை மணி?" என்று கேட்டால் பதில் அதிலிருந்துதான் வரும். மற்றது ஹெச்ஆர்டைமர், அதாவது அலாரம் அடிக்கிற பகுதியிடம் இருக்கு. ஒவ்வொரு அலாரத்துக்கும் போய் நேரம் கேட்டுக்கொண்டு நிற்க ஏலாது என்பதால், அது தன்னிடம் ஒரு பிரதி வைத்திருக்கு. மணிக்கூட்டை யாராவது மாற்றினால் கிளாக்_வாஸ்_செட் என்ற ஃபங்ஷனைக் கூப்பிட்டு, "டேய், நேரம் மாறிட்டு, உன்ர கொப்பியையும் திருத்து" என்று சொல்ல வேண்டும். 2012-இல் லீப் செக்கன் வந்தபோது டைம்கீப்பிங் தன் கொப்பியைத் திருத்தியது. மற்ற ஆளுக்கு யாருமே சொல்லவில்லை.

விளைவைக் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்கோ. ஒரு ஜாவா ப்ரோகிராம் நேரம் கேட்குது. சரியான பதில் வருது: 12:00:05. "சரி, என்னை 12:00:05.1-க்கு எழுப்பு" என்று சொல்லிப் படுக்குது. அலாரப் பகுதியின் கொப்பியிலோ இப்பவே 12:00:06. "அது எப்பவோ முடிஞ்சுதே!" என்று உடனே எழுப்புது. ப்ரோகிராம் எழும்பிப் பார்க்குது, இன்னும் நேரம் வரவில்லை. திரும்பப் படுக்குது, திரும்ப எழுப்பப்படுது. ஒரு செக்கனுக்குக் குறைந்த காத்திருப்பு எல்லாமே இப்படி ஓயாத லூப் ஆனது. ஜாவா, மைஎஸ்க்யூஎல் எல்லாம் இந்தச் சின்னச் சின்னக் காத்திருப்பில்தான் வாழுது. சிபியூ நூறு வீதம், மெஷின் ஹாங்.

அந்த இரவு நெட்டில் ஒரு மருந்து பரவியது. டேட் கட்டளையால் இப்போதைய நேரத்தை எடுத்து, அதையே திரும்ப செட் பண்ணு. ரீபூட் கூடத் தேவையில்லை, லோட் பொத்தென்று இறங்கும். மந்திரம் மாதிரித்தான் தெரியும். நேரத்தில் ஒரு மாற்றமும் இல்லை, ஆனால் செட் பண்ணுகிற பாதை கிளாக்_வாஸ்_செட்டைக் கூப்பிடும். விடுபட்ட அந்தச் செய்தி அப்பதான் போய்ச் சேர்ந்தது.

அப்படியென்றால் லீப் செக்கன் கோடில் அந்த ஒரு அழைப்பை ஏன் போடவில்லை? இதுதான் நான் எழுத வந்த விசயம். அந்த அழைப்பு அங்கே முதலில் இருந்தது. 2007-இல் வேணுமென்றேதான் எடுத்தார்கள், அதுவும் இன்னொரு ஹாங்கைத் தடுப்பதற்காக.

கிளாக்_வாஸ்_செட் எல்லா சிபியூவுக்கும் தகவல் அனுப்பி, எல்லாரும் செய்து முடிக்கும்வரை காத்து நிற்கும். லீப் செக்கன் கோடோ டைமர் இன்டரப்டுக்குள், நேரத்தின் பூட்டைக் கையில் பிடித்தபடி ஓடுது. இப்ப நான் பூட்டைப் பிடித்துக்கொண்டு உங்கள் பதிலுக்குக் காத்து நிற்கிறேன். நீங்கள் பதில் சொல்ல முதல் அந்தப் பூட்டுத் திறக்கட்டும் என்று நிற்கிறீர்கள். இரண்டு பேரும் அசையமாட்டோம். டெட்லாக். அதனால் அழைப்பை எடுத்தது நியாயமான திருத்தம்தான். ஆனால் அந்த அழைப்பு செய்த வேலையை வேறு யாரிடமும் கொடுக்காமல் விட்டார்கள்.

இடையில், 2008 டிசம்பர் 31 லீப் செக்கனில், இதே பூட்டு வேறு விதமாக விளையாடியது. "லீப் செக்கன் செருகுகிறேன்" என்று கெர்னல் லாக்கில் ஒரு வரி எழுதும். அந்த வரி லாக் ப்ராசஸை எழுப்பும். எழுப்பும்போது ஷெட்யூலர் "இப்ப எத்தனை மணி?" என்று பார்க்கப் போகலாம். நேரத்தின் பூட்டு சீக்லாக் வகை. எழுதுகிறவர் முடிக்கும்வரை வாசிக்கிறவர் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டே நிற்பார். இங்கே எழுதுகிறவரும் வாசிக்கிறவரும் ஒரே சிபியூ! தான் முடிப்பேன் என்று தனக்கே காத்து நிற்குது. எல்லா மெஷினுக்கும் இது நடக்கவில்லை, நடந்தவை அப்படியே உறைந்தன. ஒரு லாக் வரியால் செத்த சேர்வர் என்று இன்றைக்கும் என்னால் சிரிக்காமல் சொல்ல ஏலாது.

2012 திருத்தத்துக்கு வருவோம். ஜான் ஸ்டல்ட்ஸ் எழுதிய பேட்ச் அந்தப் பழைய அழைப்பை அப்படியே திரும்பப் போடவில்லை. போட்டிருந்தால் 2007-இன் டெட்லாக் திரும்ப வந்திருக்கும். பதிலாக கிளாக்_வாஸ்_செட்_டிலேய்ட் என்று ஒன்று வந்தது. பூட்டைப் பிடித்திருக்கும்போது ஒரு கொடியை மட்டும் தூக்கி வைக்கும். பூட்டை விட்டு, இன்டரப்டிலிருந்து வெளியே வந்த பிறகு, சாஃப்ட் இன்டரப்ட் அந்தக் கொடியைப் பார்த்து எல்லா சிபியூவுக்கும் சொல்லும். கூடவே இன்னொரு பேட்ச்: ஹெச்ஆர்டைமர் ஒவ்வொரு இன்டரப்டிலும் தன் கொப்பியை டைம்கீப்பிங்குடன் ஒப்பிட்டுப் புதுப்பிக்கும். இரண்டாவதுதான் கெட்டிக்காரத் திருத்தம் என்று நான் சொல்லுவேன். முதலாவது செய்தி சரியாகப் போய்ச் சேரும் என்று நம்புது. இரண்டாவது, செய்தி தவறினாலும் தானே போய்ப் பார்க்குது.

கோட் வாசிக்க ஆசையென்றால் கெர்னல் சோர்ஸில் டைமர்களுக்கான செல்ஃப்டெஸ்ட் ஃபோல்டருக்குப் போங்கோ. லீப்-அ-டே என்று ஸ்டல்ட்ஸ் எழுதிய ஒரு சின்ன சி ப்ரோகிராம் இருக்கு. சில வருசத்துக்கு ஒருக்கால் வருகிற செக்கனை ஒவ்வொரு நாளும் வர வைத்துப் பார்க்கிற டெஸ்ட். உங்கள் லேப்டாப்பில் ஓட்டாமல் ஒரு விர்ச்சுவல் மெஷினில் ஓட்டுங்கோ, அது மணிக்கூட்டை மாற்றும்.

கடைசி லீப் செக்கன் 2016 டிசம்பர் 31-இல் வந்தது. 2035-க்குள் இந்த முறையை மாற்றுவதென்று 2022-இல் எடைகள் அளவைகளுக்கான பொது மாநாடு முடிவெடுத்திருக்கு. ஆனால் அண்மை வருசங்களில் பூமி கொஞ்சம் வேகமாகச் சுற்றுது. அதனால் அதற்கு முதல் ஒரு செக்கனைக் கழிக்க வேண்டி வரலாம் என்ற பேச்சும் இருக்கு. கழிப்பதற்கான கோட் லினக்ஸில் பல வருசமாகவே இருக்கு. நிஜ உலகில் அது இன்னும் ஒரு தடவையும் ஓடவில்லை.