ஏலக்காய் சீசனும் கால்பந்து சீசனும்

விடிந்தும் விடியாமலும் போடிநாயக்கனூரிலிருந்து ஜீப்புகள் கிளம்பிவிடுகின்றன. முந்தல் தாண்டி, 17 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, போடிமெட்டு வழியாக இடுக்கி மாவட்ட ஏலத்தோட்டங்களுக்குக் கூலியாட்களைக் கொண்டுசெல்லும் ஜீப்புகள் அவை. போடி, தேவாரம், கம்பம் பகுதிகளிலிருந்து இப்படி மலையேறுவோரில் பெரும்பாலானோர் பெண்கள். கணிசமானோர் தலித் குடியிருப்புகளைச் சேர்ந்தவர்கள்.

இந்த வீட்டுப் பிள்ளைகள் இன்று கல்லூரி வாசலை மிதித்திருக்கிறார்கள். ஏலத்தோட்ட உரிமையாளர்களின் சங்கம் தொடங்கிய சி.பி.ஏ. கல்லூரி போடியிலேயே இருக்கிறது. அந்தத் தோட்டங்களில் காய் எடுத்தவர்களின் பிள்ளைகளும் பட்டம் படிக்கும் காலம் இது. ஆனால், படிக்க வருவது வேறு, கல்லூரி அணியில் நின்று ஆடுவது வேறு.

காரணம், காலண்டரிலேயே இருக்கிறது. ஏலக்காய் பறிப்பு ஆடி, ஆவணியில் தொடங்கி தை, மாசி வரை நீளும். கல்லூரிகளுக்கு இடையிலான கால்பந்துப் போட்டிகள், பல்கலைக்கழக அணித் தேர்வு, தென்மண்டலப் போட்டி ஆகியவையும் பெரும்பாலும் இதே மாதங்களில்தான் நடக்கின்றன. விடுமுறை நாளில் பயிற்சிக்குப் போனால் கூலி போகும். மலைக்குப் போனால் அணியில் இடம் போகும். வசதியுள்ள வீட்டு மாணவனுக்கு இந்தக் கணக்கு கிடையாது.

90 நிமிட ஆட்டத்தில் ஒரு நடுக்கள வீரர் சுமார் 10 கிலோமீட்டர் ஓடுகிறார். அதற்குச் சத்தான சாப்பாடு வேண்டும், நல்ல பூட்ஸ் வேண்டும். ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட பட்டியல் சாதி மாணவர்களுக்கு போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை உண்டு. அது படிப்புச் செலவுக்கானது. முட்டைக்கும் பூட்ஸுக்கும் அதில் கணக்கு இல்லை.

முடியாத காரியமா இது? நமக்குப் பக்கத்திலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. விருதுநகர் மாவட்டம் காரியாபட்டி அருகே, ஒரு பொறியியல் கல்லூரியை அடித்தளமாகக் கொண்டு வளர்ந்த பெண்கள் அணி சேது எப்.சி. 2019 மே மாதம் லூதியானாவில் நடந்த இறுதிப் போட்டியில் மணிப்பூர் போலீஸ் அணியை 3-1 என வென்று இந்திய மகளிர் லீக் கோப்பையைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தது. மைதானம், தங்குமிடம், சாப்பாடு, பயிற்சியாளர் ஆகியவை ஒரே இடத்தில் அமைந்தால் கிராமத்துப் பிள்ளைகளும் தேசிய அளவுக்குப் போகலாம்.

அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. அதற்குப் பெரிய போட்டிகளின் சான்றிதழ் வேண்டும். அந்த ஏணியின் முதல் படி கல்லூரி அணி. முதல் படியிலேயே நம் பிள்ளைகள் நின்றுவிட்டால், ஒதுக்கீடு யாருக்குப் போய்ச் சேரும்?

நாம் கேட்பது பெரிதல்ல. அணியில் இருக்கும் கூலி வீட்டுப் பிள்ளைகளுக்குப் பறிப்பு மாதங்களில் உணவுப்படி கொடுங்கள். பயிற்சியை வார நாள் மாலைகளில் வையுங்கள். ஆதிதிராவிடர் நல விடுதிகளில் விளையாடும் மாணவர்களுக்குக் கூடுதல் முட்டை, பால் கொடுங்கள். மாணவர்களே, தேர்வு நாள் எப்போது என்று உடற்கல்வி இயக்குநரிடம் இன்றே கேளுங்கள். பெற்றோரே, அந்த ஒரு நாள் மட்டும் மகனையும் மகளையும் ஜீப்பில் ஏற்றாமல் மைதானத்துக்கு அனுப்புங்கள்.