பக்க வடிவமைப்பு மென்பொருளில் தமிழ் எழுத்துருவும் சிறப்புக்குறிகளும்: பதிப்புப்பணி நோக்கில் ஒரு விளக்கம்

ஆய்வுச்சுருக்கம்

தாளில் பிழையின்றித் தோன்றும் தமிழ்ப் பனுவல் கணினியில் பிழைபடச் சேமிக்கப்பட்டிருக்கக்கூடும். இன்டிசைன் மென்பொருளில் ஆய்வுநூல்களை வடிவமைக்கும்போது இவ்வேறுபாடு எழும் இடங்களையும் அவற்றைக் கையாளும் முறைகளையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: எழுத்துரு, ஒருங்குறி, இன்டிசைன், சிறப்புக்குறி, பதிப்பு

முன்னுரை

சொல்லடைவு தொகுக்கும் ஆய்வாளர் ஒருவர் மின்னூலில் 'ஔவை' எனத் தேடுவதாகக் கொள்வோம். அச்சொல் பக்கத்தில் கண்ணெதிரே நிற்கிறது. தேடல் முடிவோ 'இல்லை' என்கிறது. தட்டச்சு செய்தவர் ஔ என்னும் ஓரெழுத்துக்கு மாறாக ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்து இட்டிருப்பதே காரணம். படிப்பவர்க்கு இரண்டும் ஒன்று; கணினிக்கு வெவ்வேறு சொற்கள். எழுத்து என்பது குறியெண். எழுத்துரு அதற்குத் தரப்படும் தோற்றம். வடிவமைப்பில் நேரும் இடர்கள் பலவும் இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதுவதால் விளைபவை.

பழைய எழுத்துருக்கள்

2001இல் வெளிவந்த 7.0 பதிப்போடு நின்றுபோன பேஜ்மேக்கர் ஒருங்குறியை அறியாதது. ஆகவே தமிழ் அச்சகங்கள், பிற எழுத்துகளுக்குரிய இடங்களில் தமிழ் வடிவங்களைப் பொருத்திய எழுத்துருக்களைப் பயன்படுத்தின. இவற்றை நெறிப்படுத்தவே சென்னையில் நடந்த தமிழிணையம் 99 மாநாட்டையொட்டி டாப், டாம் என்னும் தரங்கள் வகுக்கப்பட்டன. முன்னது தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் பொதுவான இருமொழித் தரம். பின்னது ஆங்கில எழுத்துகளின் இடங்களையும் தமிழுக்கே எடுத்துக்கொள்ளும் ஒருமொழித் தரம். 2010இல் தமிழ்நாடு அரசு ஒருங்குறியை ஏற்றது. எனினும் அதற்கு முன் உருவான கோப்புகள் மறுபதிப்புக்காக இன்றும் திறக்கப்படுகின்றன.

இக்கோப்புகளை ஒருங்குறிக்கு மாற்றுகையில் தனிக்கவனம் வேண்டும். டாம் எழுத்துருவில் அமைந்த பத்தியின் நடுவே ஆங்கில நூற்பெயர் ஒன்று வேறு எழுத்துருவில் இருக்கலாம். பத்தி முழுவதையும் வெற்றுரையாக எடுத்து மாற்றியில் இட்டால், அந்நூற்பெயரும் பொருளற்ற தமிழெழுத்துக் குவியலாகிவிடும். எது எந்த எழுத்துருவில் இருந்தது என்னும் செய்தி வெற்றுரையில் எஞ்சுவதில்லை. எனவே முதலில் இன்டிசைனின் தேடல் வசதியால் எழுத்துரு வாரியாகப் பகுதிகளைக் கண்டறிந்து, ஒவ்வொன்றுக்கும் தனி எழுத்துப்பாணியை அளித்தபின், தமிழ்ப்பகுதிகளை மட்டும் மாற்றுவதே ஏற்றது.

ஒருங்குறியும் வரி அமைப்பியும்

ஒருங்குறியில் 'கெ' என்பது முதலில் ககரம், பிறகு கொம்பு என்னும் வரிசையிலேயே சேமிக்கப்படும். கொம்பை முன்னே கொணர்ந்து காட்டுவது மென்பொருளின் கடமை. இன்டிசைனின் வழக்கமான வரி அமைப்பி இதனைச் செய்யாது. 2012இல் வந்த சிஎஸ்6 பதிப்பு முதல் இந்திய மொழிகளுக்குப் பயன்படும் 'வேர்ல்டு-ரெடி' அமைப்பியைப் பத்திப்பாணியின் நேர்ப்படுத்தல் பகுதியில் தெரிவுசெய்தல் வேண்டும். இதனை அறியாதவர் கொம்பைக் கையாலேயே முன்னுக்கு நகர்த்திவிடுவதுண்டு. அப்பொழுதுக்குப் பக்கம் சரியாகத் தெரியும். பனுவலோ அந்நொடியே கெடுகிறது. ஒருமுறை இவ்வாறு 'திருத்தப்பட்ட' நூலை மீட்பதைவிட மறுபடி தட்டச்சு செய்வது எளிது.

சிறப்புக்குறிகள்

'ஸ்ரீ' என்னும் வடிவம் இருவழிகளில் சேமிக்கப்படுகிறது. 2005இல் ஒருங்குறியின் 4.1 பதிப்பில் ஶகரம் சேர்க்கப்படும்வரை ஸகரத்தைக் கொண்டே அது எழுதப்பட்டது; இன்றும் பல விசைப்பலகைகள் அவ்வாறே தருகின்றன. நூல் முழுதும் ஒரே வழியைப் பின்பற்றுவதும், தேடி மாற்றும் வசதியால் அதனை உறுதிசெய்வதும் பதிப்பாசிரியரின் பொறுப்பு.

கல்வெட்டுப் பதிப்புகளில் சிக்கல் இன்னும் கூர்மையானது. முந்திரி, காணி, மா போன்ற கீழ்வாயிலக்கக் குறிகளுக்கு முன்னர் ஒருங்குறியில் இடமில்லை. எனவே தனியெழுத்துரு ஒன்றில் ஆங்கில எழுத்தின் இடத்தில் அவ்வடிவத்தைப் பொருத்துவது ஒரு வழியாக இருந்தது. அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் கோப்பைத் திறந்தால் 320இல் ஒரு பங்கைக் குறித்த முந்திரி இருந்த இடத்தில் ஓர் ஆங்கில எழுத்து நிற்கும். காணாமற்போன எழுத்துருவை இன்டிசைன் இளஞ்சிவப்பு நிறத்தால் சுட்டும். ஆனால் அங்கே முன்பு எந்தக் குறி இருந்தது என்பதை அது சொல்லாது. நிலஅளவு பற்றிய ஒரு சான்று இவ்வாறு அழிந்துபோகலாம். 2019இல் 12.0 பதிப்பில் இத்தகைய 51 குறிகள் சேர்க்கப்பட்டன. பொதுவான தமிழ் எழுத்துருக்கள் பலவற்றில் இவை இல்லையாதலால் 'நோட்டோ சான்ஸ் தமிழ் சப்ளிமென்ட்' போன்ற ஒன்றை எழுத்துப்பாணியின் வழியே இக்குறிகளுக்கு மட்டும் அளிக்கலாம்.

1978ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய ணை, லை, றா முதலியவற்றின் நிலை இதற்கு நேர்மாறானது. அப்பழைய வடிவங்களுக்குத் தனிக் குறியெண்கள் இல்லை. அவை எழுத்துருவால் மட்டுமே காட்டத்தக்கவை. பழம்பதிப்பின் தோற்றத்தைக் காக்க விரும்புவோர் இதனைப் பதிப்புரையில் குறிப்பிடுதல் நலம்.

சொல்லடைவைக் குறியெண் வரிசையில் அடுக்குவதும் தவறு. ஒருங்குறியில் னகரம் நகரத்தை அடுத்தும், றகரம் ரகரத்தை அடுத்தும், வகரம் ழகரத்துக்குப் பின்னும் வருகின்றன. அவ்வரிசை தமிழ் நெடுங்கணக்கன்று.

ஒப்படைப்பு

பணி முடிந்ததும் 'பேக்கேஜ்' கட்டளையால் கோப்பையும் எழுத்துருக்களையும் ஒருசேரத் தொகுக்கலாம். உரிம அனுமதியை முன்னரே பார்த்துக்கொள்ளல் வேண்டும். பி.டி.எஃப். கோப்பிலிருந்து கொம்பும் இரட்டைக்கொம்பும் ஸ்ரீயும் கீழ்வாயிலக்கமும் கொண்ட ஒரு பத்தியைப் படியெடுத்து வெற்றுரைக் கோப்பில் ஒட்டிப் பார்த்தால் குறைகள் உடனே வெளிப்படும். பி.டி.எஃப். பக்கத்தின் தோற்றத்தைக் காப்பதற்கென அமைந்தது. அதிலிருந்து எடுக்கும் தமிழ் சில வேளைகளில் வரிசை மாறியே வரும். ஆகவே திருத்தம் முடிந்த ஒருங்குறிப் பனுவலைத் தனி வெற்றுரைக் கோப்பாகவும் நூலகத்தில் ஒப்படைத்தல் வேண்டும்.