பிறந்த குழந்தைக்கு வெளிக்குப் போகலையா?

"நாலு நாளா வெளிக்குப் போகலை, விளக்கெண்ணெய் கொடுக்கலாமா டாக்டர்?" என்று கைக்குழந்தையோடு வருவார்கள். பிறந்து 48 மணி நேரத்துக்குள் கறுப்பு மலம் போனதா என்றுதான் நான் முதலில் கேட்பேன். தாய்ப்பால் குழந்தை நன்றாகக் குடித்து, மலம் இளகிப்போனால், சில நாள் தள்ளிப்போவதில் பயமில்லை.

குடலுக்கென்று தனி நரம்பு வலை உண்டு. நாங்கள் 'அபானன்' என்று சொல்லும் வேலை அதனுடையது! கருவிலேயே இந்த நரம்பணுக்கள் மேலிருந்து கீழாகக் குடலில் பரவும். ஏறத்தாழ 5,000 குழந்தைகளில் ஒன்றுக்கு அவை கடைசிவரை போய்ச் சேருவதில்லை. அந்த இடம் இறுகியே கிடக்கும். 1886-ல் டென்மார்க் மருத்துவர் ஹிர்ஷ்ஸ்ப்ரங் விவரித்த நோய் இது.

நரம்பே இல்லாத இடத்தில் என் சூரணம் என்ன செய்யும்? அந்தப் பகுதியை அறுத்து நீக்குவதே வழி. நரம்பு ஸ்டெம் செல்களை எலிக்குடலில் பதித்து ஆராய்கிறார்கள். அதை நம்பிக் காத்திருக்க முடியாது. வயிறு உப்பி, பச்சையாக வாந்தி எடுத்தால் வசம்பு உரைத்துக்கொண்டிருக்காதீங்க. உடனே குழந்தைகள் அறுவை சிகிச்சைப் பிரிவுள்ள ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போங்க.