மரை போன டிரெயின் போல்ட்

காரைக்குடியை அடுத்த மானகிரியில் உறவினர் ஒருவரின் வண்டிக்கொட்டகையில் நிற்கும் அம்பாஸிடர் காரின் அடியில், சில மாதங்களாக ஒரு தகரத் தட்டு நிரந்தரமாக வாசம் செய்துவந்தது. பிள்ளையார்பட்டிக்கும் குன்றக்குடிக்கும் குடும்பத்தைச் சுமந்து சென்ற அந்த வண்டியை, 2014-ஆம் ஆண்டிலேயே அதன் உற்பத்தி நின்றுபோன பிறகும், விற்க மனமின்றி வைத்துப் போற்றும் அவ்வீட்டார், என்ஜினின் ஆயில் தொட்டியான சம்பின் அடியிலிருந்து சொட்டும் ஆயிலை வயோதிகத்தின் லட்சணமென்றே எண்ணியிருந்தார்கள்.

வரவழைக்கப்பட்ட மெக்கானிக், சம்பிலிருந்து ஆயிலை வடிப்பதற்கான டிரெயின் போல்ட்டைக் கழற்றித் துணியால் துடைத்துக் காட்டினார். அதன் பள்ளங்களில் தலைமயிர்போல் மெல்லிய உலோக இழை ஒன்று சுற்றிக்கொண்டிருந்தது. அது போல்ட்டின் மரையன்று, சம்பிலிருந்து உரிந்து வந்துவிட்ட மரை.

“வாஷரை மாத்தாம போல்ட்டை மட்டும் இழுத்துக்கிட்டே இருந்திருக்கீகண்ணே” என்றார் அவர், வீட்டு டிரைவரிடம்.

விஷயத்தின் சூட்சுமம் அந்த ஒரு வாக்கியத்தில் அடங்கியிருக்கிறது. மரையின் காரியம் பிடித்துக்கொள்வது. ஆயிலைத் தடுப்பதோ, போல்ட்டின் தலைக்கும் சம்புக்கும் நடுவே நசுங்கிக் கிடக்கும் வாஷர். ஒருமுறை நசுங்கிய செம்பு வாஷர் இறுகிவிடுமாதலால் மறுமுறை சரியாகப் படியாது. புதியது கிடைக்காத இடத்தில், பழையதைச் சிவக்கக் காய்ச்சி ஆறவிட்டால் அதன் மிருதுத்தன்மை திரும்பும். இதை அறியாமல், சொட்டைக் கண்டு அஞ்சி ஒவ்வொரு தடவையும் ஓர் இழுப்பு கூட்டுகிறவர்களே பெரும்பாலும் மரையை நாசம் செய்கிறார்கள்.

பசை வைத்து அடைப்பதும், சற்றே பருத்த போல்ட்டை வலிந்து திருகுவதும் தற்காலிக உபாயங்களே என்பது என் அபிப்பிராயம். நிலைத்த பரிகாரம், துளையை அளவாகப் பெருக்கி, டேப்பினால் புதுமரை வெட்டி, அதனுள் ஹெலிகாயில் என்னும் எஃகுக் கம்பிச்சுருளைத் திருகி இறக்குவது. அச்சுருளின் உட்புறமே பழைய அளவுப் போல்ட்டுக்கு மரையாகிவிடுகிறது. வெட்டும்போது உதிரும் துகள் என்ஜினுக்குள் போகாதிருக்கச் சம்பைக் கழற்றிச் செய்வதே உத்தமம். அன்று அவ்விதமே செய்தார்கள். அரைச்சுற்று முன்னே, கால்சுற்று பின்னே என்று நிதானமாக டேப்பைத் திருப்பிய மெக்கானிக், சுருளை இறக்கியபின் அதன் நுனிக்கொக்கியை ஒடித்து, அத்துண்டு கைக்கு அகப்படும்வரை விடாமல் தேடி எடுத்ததைக் கண்டு, தொழிலில் அவருக்கிருந்த சிரத்தையை வியந்தேன்.

14 மில்லிமீட்டர் போல்ட்டுக்குச் சாதாரணமாக வேண்டிய முறுக்கு, கால் மீட்டர் ஸ்பேனரின் நுனியில் ஏறக்குறைய 14 கிலோ எடை தொங்குவதற்குச் சமம். வண்டிக்கு வண்டி இது மாறுமாதலால் கம்பெனிப் புத்தகமே பிரமாணம். புது வாஷரிட்டுப் போல்ட்டை மாட்டியதும், மெக்கானிக் ஸ்பேனரை டிரைவரின் கையில் கொடுத்து, அதன்மேல் தன் கையையும் வைத்துக்கொண்டார். வாஷர் நசுங்கிப் படிந்ததும், “இந்த இடந்தாண்ணே, இதுக்கு மேல வேணாம்” என்று கையை எடுத்துவிட்டார்.