தோடை மரத்தின் தற்காப்பு

ஓடி ஒளிய இயலாத மரம் தன் நோய்ப் பகையை எவ்வாறு எதிர்க்கின்றது? நாவிதன்வெளியில் நம் வளவுகளில் நிற்கும் தேசியையும் தோடையையும் கொண்டே இதனை விளக்கலாம்.

மாரியில் அடிமரத்தைச் சூழ நீர் தேங்கின், மண்ணில் வாழும் பைற்றோப்தோரா எனும் நுண்ணுயிர் நீந்தும் வித்திகளை விடும். பங்கசை ஒத்த இவ்வுயிர் பட்டையின் காயவழியே எளிதிற் புகும். பின்னர் அடிமரத்திற் பிசின் கசியும். பிசினையே நோயென்பர் பலர். அதுவோ மரம் போராடுவதன் அடையாளம்.

பகை புகுந்ததை உணர்ந்த மரம் மூவகையாற் போரிடும். தன் கலச்சுவர்களை இலிக்னினால் இறுக்கும். பகையின் சுவரைச் சிதைக்கும் நொதியங்களைச் சுரக்கும். ஸ்கோப்பரோன் எனும் நச்சுப்பொருளைப் புதிதாய் ஆக்கும். நோய் தாங்கும் இனங்களில் இப்பொருள் மிகுதியாகச் சேர்வதை இஸ்ரவேல் ஆய்வாளர் 1980களிற் கண்டனர். நோய்க்கு எளிதில் ஆளாகும் இனங்களில் அது குறைவாகவே சேரும். படை திரளுமுன் பட்டை சுற்றிலும் அழுகின் மரம் மடியும். ஆகவே வெற்றியைத் தீர்மானிப்பது காலமே.

19ஆம் நூற்றாண்டில் அசோர்ஸ் தீவுகளின் தோடைத் தோட்டங்களை இந்நோய் பெரிதும் அழித்தது. அதன் பின்னரே நோய் தாங்கும் புளித்தோடையில் ஒட்டுக்கட்டும் வழக்கம் உலகிற் பரவலாயிற்று.

கமஞ்செய்யும் பழைய மாணவ அன்பர்களே! ஒட்டிய இடம் மண்ணுக்கு மேல் உயர்ந்து நிற்க நடுக. அடியில் நீர் தேங்க விடற்க. மண்வெட்டி பட்டையிற் படாது காக்க. மரம் தன் படையைத் தானே திரட்டும். அதற்குரிய காலத்தைத் தேடிக் கொடுப்பதே நம் கடன்.