பாம்புக்கடியும் இனி அறிவிக்க வேண்டிய நோய்

காலரா, பெரியம்மை போன்ற நோய்கள் ஓர் ஊரில் கண்டால் உடனே சுகாதாரத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது நம் நாட்டில் நெடுநாளாக உள்ள சட்டம். இதற்கென 1939-ஆம் ஆண்டிலேயே சென்னை மாகாணத்தில் பொதுச் சுகாதாரச் சட்டம் இயற்றப்பட்டது. அந்தச் சட்டத்தின் கீழ் அறிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலில் 2024-ஆம் ஆண்டு நவம்பரில் தமிழ்நாடு அரசு பாம்புக்கடியையும் சேர்த்தது. அதே ஆண்டின் தொடக்கத்தில் கர்நாடகம் இதைச் செய்திருந்தது.

பாம்புக்கடி ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுவதில்லையே, அதை எப்படி நோய்ப் பட்டியலில் சேர்க்கலாம் என்று சிலர் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதுதான். ஆனால் இந்தப் பட்டியலின் பயன் தொற்றைத் தடுப்பது மட்டுமன்று. எங்கே, எந்த மாதத்தில், எத்தனை பேர் பாதிக்கப்படுகிறார்கள் என்று அரசுக்குத் தெரிந்தால்தான் மருந்தை எங்கே அனுப்புவது என்பது தெரியும். இதுவரை அரசு மருத்துவமனைக்கு வந்தவர்களின் கணக்கு மட்டுமே ஓரளவு கிடைத்து வந்தது. தனியார் மருத்துவமனைக்குப் போனவர்களின் கணக்கு முழுமையாகக் கிடைத்ததில்லை. இனி அரசு மருத்துவமனையானாலும் தனியார் மருத்துவமனையானாலும், பாம்புக்கடி என்று ஒருவர் வந்தால் அதை அறிவித்தாக வேண்டும்.

கணக்கில் உள்ள ஓட்டை எவ்வளவு பெரியது என்பதற்கு ஒரு எடுத்துக்காட்டு சொல்லலாம். தமிழ்நாட்டில் 2023-ஆம் ஆண்டில் சுமார் 20 ஆயிரம் பேர் பாம்புக்கடிக்குச் சிகிச்சை பெற்றதாகவும், 43 பேர் இறந்ததாகவும் அரசுப் பதிவுகள் கூறின. ஆனால் இந்தியா முழுவதிலும் வீடு வீடாகச் சென்று இறப்புக்கான காரணத்தை விசாரித்து நடத்தப்பட்ட ஆய்வு ஒன்று 2020-ல் வெளியாயிற்று. 2000 முதல் 2019 வரையிலான 20 ஆண்டுகளில் ஏறத்தாழ 12 லட்சம் பேர், அதாவது ஆண்டுக்குச் சராசரியாக 58 ஆயிரம் பேர், பாம்புக்கடியால் மாண்டதாக அது மதிப்பிட்டது. இவர்களில் பெரும்பாலோர் கிராமத்தவர்கள். இறந்ததும் பெரும்பாலும் வீட்டில்தான். மழைக்காலத்தில்தான் சாவு மிகுதி. ஆக, மருத்துவமனைப் பதிவேட்டில் பெயர் வருமுன்பே பலருடைய உயிர் போய்விடுகிறது. உலகச் சுகாதார நிறுவனம் 2017-ல் பாம்புக்கடியைப் புறக்கணிக்கப்பட்ட நோய்களின் பட்டியலில் சேர்த்ததற்கும், மத்திய அரசு 2030-க்குள் இச்சாவுகளைப் பாதியாகக் குறைக்க 2024 மார்ச்சில் ஒரு தேசியத் திட்டத்தை வெளியிட்டதற்கும் இத்தகைய மதிப்பீடுகளே காரணம்.

இவ்விடத்தில் என் கருத்து ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். புதிய ஆணை மருத்துவமனைக்கு வருபவரைத்தான் கணக்கில் சேர்க்கும். களத்துமேட்டிலேயோ, மந்திரிக்கப் போன இடத்திலேயோ உயிர்விட்டவரைச் சேர்க்காது. அந்தச் சாவை ஊரார்தான் சொல்ல வேண்டும். கிராம சுகாதாரச் செவிலியரிடம் சொல்லலாம். கிராம சபைக் கூட்டத்திலும் எழுப்பலாம். பயிருக்குப் பூச்சி விழுந்தால் வேளாண்மை அலுவலரைத் தேடி ஓடுகிற நாம், ஓர் ஆள் போனதை மட்டும் விதி என்று விட்டுவிடுவது சரியல்ல.

நான்கு பாம்புகள்

நம் நாட்டில் பாம்பு இனங்கள் பல இருந்தாலும், பெரும்பாலான சாவுகளுக்குக் காரணம் நான்கே நான்கு: நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன். சாரையும் தண்ணீர்ப்பாம்பும் நஞ்சற்றவை. சாரைப்பாம்பு எலி பிடிப்பதில் உழவனுக்குக் கூலி கேட்காத வேலையாள்.

கண்ணாடிவிரியன் வயலில் வேலை செய்பவர்களுக்குப் பெரும் எதிரி. உடலில் சங்கிலி கோத்தாற்போல் வட்ட வட்டமான புள்ளிகள் இருக்கும். ஆள் வந்தால் விலகி ஓடாது. சுருண்டு படுத்துச் சீறும். வைக்கோல் நிறத்திலும் காய்ந்த சருகு நிறத்திலும் ஒன்றிப் போவதால் கண்ணுக்குப் புலப்படாது. இது கடித்தால் கடிவாய் வீங்கி வலிக்கும். இரத்தம் உறையும் தன்மையை இழக்கும். ஈறுகளில் இரத்தம் கசியும், சிறுநீரகம் பழுதாகும். சுருட்டைவிரியன் சிறியது, வறண்ட, கல் நிறைந்த மானாவாரி நிலங்களில் மிகுதி. அதன் நஞ்சும் இரத்தத்தையே தாக்குகிறது.

நல்லபாம்பின் நஞ்சும் கட்டுவிரியனின் நஞ்சும் நரம்பைத் தாக்குபவை. கண் இமை தானாகச் சாயும், பார்வை இரட்டையாகத் தெரியும், பேச்சு குழறும், பிறகு மூச்சு விடும் தசைகள் ஓய்ந்து போகும். இவற்றில் கட்டுவிரியன் பற்றி உழவர் குடும்பங்கள் தனியே தெரிந்துகொள்ள வேண்டும். அது இரவில் நடமாடும் பாம்பு. தரையில் பாய் விரித்துப் படுத்திருப்பவரைத் தூக்கத்திலேயே கடித்துவிடும். வலி பெரும்பாலும் இருப்பதில்லை. பல் பட்ட தடமும் தேடினால்தான் தெரியும், சில சமயம் தேடினாலும் தெரியாது. விடியற்காலையில் கடும் வயிற்றுவலி, வாந்தி, இமை சாய்தல் என்று தொடங்கும். சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துக் கஷாயம் வைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தால் நேரம் போய்விடும். தரையில் படுத்திருந்தவர், குறிப்பாகக் குழந்தைகள், காலையில் வயிற்றுவலியோடு எழுந்து கண்ணைத் திறக்க முடியாமல் இருந்தால், பாம்பை யாரும் பார்க்காவிட்டாலும் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு போக வேண்டும்.

மேற்குத் தொடர்ச்சி மலையின் காப்பி, ஏலத் தோட்டங்களில் குழிவிரியன் வகைப் பாம்புகள் உண்டு. நம் நாட்டில் செய்யப்படும் முறிவு மருந்து அவற்றின் நஞ்சுக்குப் பயன்படாது. ஆயினும் கடிபட்டவர் மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும். சிறுநீரகத்தையும் இரத்தத்தையும் கவனிக்க வேறு சிகிச்சைகள் அங்கே உண்டு.

மந்திரிப்பு ஏன் பலிக்கிறது?

கிராமக் கூட்டங்களில் தவறாமல் எழும் கேள்வி இது. "எங்கள் ஊரில் வேர் கட்டி எத்தனையோ பேர் பிழைத்திருக்கிறார்களே" என்பார்கள். உண்மைதான், பிழைத்திருப்பார்கள். கடிக்கும் பாம்புகளில் பல நஞ்சற்றவை. நச்சுப் பாம்பு கடித்தாலும் எல்லாச் சமயமும் நஞ்சு இறங்குவதில்லை. பல் மட்டும் பட்டு நஞ்சு சேராத கடிகள் உண்டு. அப்படிப்பட்டவர் வேர் கட்டினாலும் பிழைப்பார், கட்டாவிட்டாலும் பிழைப்பார். நஞ்சு இறங்கியவர் அங்கே போய் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தால், அந்த இரண்டு மணி நேரம்தான் அவருடைய உயிர்.

நஞ்சு இறங்கியிருக்கிறதா என்பதை மருத்துவர் எப்படிக் கண்டுபிடிக்கிறார்? விரியன் கடிக்கு எளிய சோதனை ஒன்று உண்டு. கடிபட்டவரின் இரத்தம் சிறிது எடுத்து, சுத்தமான கண்ணாடிக் குழாயில் 20 நிமிடம் அசைக்காமல் வைக்கிறார்கள். பிறகு சாய்த்துப் பார்த்தால் இரத்தம் உறைந்திருக்க வேண்டும். உறையாமல் ஓடினால் விரியன் நஞ்சு ஏறியிருக்கிறது என்று பொருள். நரம்பு நஞ்சுக்கு இமையையும் மூச்சையும் பார்க்கிறார்கள். அறிகுறி எதுவும் இல்லாவிட்டாலும் 24 மணி நேரம் வைத்திருந்து கவனிப்பார்கள். "ஒன்றும் செய்யவில்லை, சும்மா படுக்க வைத்திருக்கிறார்கள்" என்று கோபித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டு அழைத்து வந்துவிடக் கூடாது.

மருந்து எங்கிருந்து வருகிறது?

நஞ்சு முறிவு மருந்து குதிரையின் இரத்தத்திலிருந்து கிடைக்கிறது. பாம்பின் நஞ்சைச் சிறிது சிறிதாகக் குதிரைக்கு ஊசி மூலம் ஏற்றினால், அதன் இரத்தத்தில் எதிர்ப்பொருள் உண்டாகும். அதைப் பிரித்தெடுத்து மருந்தாக்குகிறார்கள். மேற்சொன்ன நான்கு பாம்புகளின் நஞ்சுக்கும் ஒரே மருந்து போதும். ஆகவே பாம்பை அடித்துக் கொன்று மருத்துவமனைக்கு எடுத்துப் போகத் தேவையில்லை. அடிக்கப் போய் இரண்டாவது ஆளும் கடிபடுவது உண்டு. செத்த பாம்பின் தலைகூடச் சிறிது நேரம் கடிக்கும்.

இந்த மருந்துக்கு வேண்டிய நஞ்சில் பெரும்பகுதியைத் தருவது நம் செங்கல்பட்டு மாவட்டத்து வடநெம்மேலியில் 1978-ல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம். பாம்புத் தோல் வணிகம் தடைசெய்யப்பட்டபோது பிழைப்பை இழந்த இருளர்கள், பாம்பைக் கொல்லாமல் நஞ்சை மட்டும் எடுத்துவிட்டுத் திரும்பக் காட்டில் விடும் தொழிலுக்கு வந்தார்கள். அச்சமூகத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் ஆகிய இருவருக்கும் 2023-ல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. எலி வளை தோண்டி நம் வயல்களைக் காத்தவர்களும் இவர்களே.

மருந்தின் அளவு பற்றியும் ஒரு செய்தி. நஞ்சு ஏறியவருக்குத் தொடக்கத்திலேயே 8 முதல் 10 குப்பிகள் வரை செலுத்துகிறார்கள். குழந்தைக்கும் பெரியவருக்கும் ஒரே அளவுதான். பாம்பு ஆளைப் பார்த்து நஞ்சைக் குறைப்பதில்லை அல்லவா? மருந்து அரசு மருத்துவமனைகளில் இலவசம். ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இருப்பு வைக்கப்படுகிறது. சிலருக்கு இதனால் உடல் நடுக்கமும் அரிப்பும் வரக்கூடும். அதைச் சமாளிக்கவும் மருத்துவர் தயாராக இருக்க வேண்டும் என்பதால்தான் வீட்டில் போட்டுக்கொள்ள முடியாத மருந்தாக இருக்கிறது.

கடித்தவுடன் செய்ய வேண்டியது

கயிறு போட்டு இறுக்கிக் கட்டாதீர்கள். கட்டினால் இரத்த ஓட்டம் நின்று கால் அழுகக்கூடும். அவிழ்த்தவுடன் நஞ்சு மொத்தமாகப் பாயும். யாராவது முன்பே கட்டியிருந்தால் வழியில் அவிழ்க்காமல் மருத்துவரிடம் விட்டுவிடுங்கள். கீறுதல், வாயால் உறிஞ்சுதல், பனிக்கட்டி வைத்தல், சாராயம் கொடுத்தல் எதுவும் வேண்டாம். கடிபட்டவரை நடக்க விடக் கூடாது. எலும்பு முறிந்தவருக்குச் செய்வது போல ஒரு குச்சியை வைத்துத் துணியால் தளர்வாகச் சுற்றி, கடிபட்ட காலையோ கையையோ அசையாமல் வைக்க வேண்டும். வீக்கம் வருமுன் மெட்டி, கொலுசு, வளையல், மோதிரம், அரைஞாண் ஆகியவற்றைக் கழற்றிவிட வேண்டும். வாந்தி எடுத்தால் இடப்பக்கமாகச் சாய்த்துப் படுக்க வைக்க வேண்டும். 108-ஐ அழையுங்கள். வண்டி வரத் தாமதமாகும் ஊர்களில், இரண்டு சக்கர வண்டியில் நடுவில் உட்காரவைத்து, பின்னால் ஒருவர் பிடித்துக்கொண்டு போவதும் சரியே. கடித்த நேரத்தையும், இமை எப்போது சாய்ந்தது, வீக்கம் எதுவரை ஏறியது என்பதையும் மருத்துவரிடம் சொன்னால் பேருதவி.

வயலிலும் வீட்டிலும்

பாம்பு நம்மைத் தேடி வருவதில்லை, எலியைத் தேடி வருகிறது. ஆகவே எலியை ஒழிப்பதே பாம்புக்கடித் தடுப்பின் பாதி வேலை. அகலமான வரப்பில்தான் எலி வளை மிகுதி; வரப்பை ஒடுக்கிக் கட்டி, நடவுக்கு முன் புல் செதுக்கி, வளைகளை வெட்டி அடைக்க வேண்டும். இதை ஒருவர் மட்டும் செய்தால் எலி அடுத்த வயலுக்குப் போய்த் திரும்பி வரும். ஒரு பாசனப் பகுதியில் உள்ளவர்கள் எல்லோரும் கோடையிலேயே சேர்ந்து செய்வது நலம். தஞ்சாவூர் வில் கிட்டி, ஆந்தை உட்காரக் கழி நடுதல் ஆகியவை செலவு குறைந்த முறைகள். நஞ்சு வைப்பதைவிட நான் இவற்றையே விரும்புகிறேன்.

சேற்றில் நாற்று நடுபவர் பூட்ஸ் போட முடியாது என்பதை அறிவேன். ஆனால் இரவில் மோட்டார் போடவும் மடை திருப்பவும் போகும்போது முழங்கால் வரையான ரப்பர் பூட்ஸ் போட முடியும். பெரும்பாலான கடிகள் முழங்காலுக்குக் கீழேதான். ஒரு ஜோடி பூட்ஸும் ஒரு டார்ச் லைட்டும் வாங்கும் செலவு, ஒரு மூட்டை உரத்துக்குக் கணக்குப் பார்க்கும் நமக்குப் பெரிதாகத் தோன்றலாம். மோட்டார் கொட்டகையில் ஒரு ஜோடி வைத்து, அண்ணன் தம்பி பங்காளிகள் மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்ளலாம். கையறுப்பு அறுவடையின்போதும், கடலைக் கொடி, தென்னை மட்டை, விறகு, வரட்டி அடுக்குகளைப் பிரிக்கும்போதும் முதலில் ஒரு கோலால் கலைத்துவிட்டுக் கையை வையுங்கள். இது பெண்கள் செய்யும் வேலை என்பதால் பெண்களுக்குத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

வைக்கோல் போரும் கோழிக் கூடும் வீட்டுச் சுவரை ஒட்டி இருக்க வேண்டாம். தானிய மூட்டைகளை அடுக்கிய அறையில் தரையில் படுக்காதீர்கள். கயிற்றுக் கட்டில் நல்லது. கட்டில் இல்லாதவர் கொசுவலையைப் பாய்க்கு அடியில் நன்றாகச் செருகிப் படுத்தாலும் போதும்; வலைக்குள் தூங்குபவர்களுக்குக் கடி குறைவு என்று நேபாளத்து கிராமங்களில் செய்த ஆய்வு காட்டியிருக்கிறது. கொசுவும் அண்டாது.

சிகிச்சை முடிந்து வீடு திரும்பும்போது மருத்துவமனை தரும் சீட்டில் "பாம்புக்கடி" என்று எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். வெறும் "காய்ச்சல்" என்றோ "வீக்கம்" என்றோ இருந்தால் திருத்திக் கேளுங்கள். அரசின் கணக்குக்கும், விபத்து உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க நேர்ந்தால் அதற்கும், விரியன் கடிபட்டவர் பின்னாளில் சிறுநீரகச் சோதனைக்குப் போகும்போதும் அந்தச் சீட்டு தேவைப்படும். நிலப் பட்டா வைத்திருக்கும் பெட்டியிலேயே அதையும் வைத்துவிடுங்கள்.